கலங்கலுக்கும் மூப்பு உண்டு

சேறு, மருந்துக் கலவை, போர்டோக் கலவை ஆகியவற்றின் வயதறிந்து பயன்படுத்துவோம்

நாற்றின் வயதைப் பார்த்து நடுகிறோம். விதையின் வயதைப் பார்த்து விதைக்கிறோம். தொழு உரம் எத்தனை மாதம் மக்கியது என்று கேட்டு வாங்குகிறோம். ஆனால் நாற்று ஊன்றப்படும் சேற்றுக்கும் வயது உண்டு, பயிரின்மீது தெளிக்கப்படும் மருந்துக் கலவைக்கும் வயது உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. காலையில் பரம்படித்த வயலில் மாலையில் நட்டால் நாற்று சாய்கிறது. நான்கு நாள் கழித்து நட்டால் விரல் இறங்க மறுக்கிறது. சென்ற ஆண்டு வாங்கி வைத்த மருந்துப் புட்டியில் மேலே தெளிவும் அடியில் வண்டலும் நிற்கின்றன. முதல் நாள் கலந்து மீந்த போர்டோக் கலவையை மறுநாள் தெளித்தால் ஒரு மழைக்கே கழுவிக்கொண்டு போய்விடுகிறது. இவை மூன்றும் வெவ்வேறு தொல்லைகள்போலத் தோன்றினாலும், மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே இயற்கை விதிதான். அதைத் தெரிந்து கொண்டால் மருந்துச் செலவும் நடவுக் கூலியும் வீணாகாமல் காத்துக் கொள்ளலாம்.

கூழ்மக் கலங்கல் என்பது யாது?

ஒரு குவளை நீரில் உப்பைப் போட்டால் கரைந்து மறைந்து விடுகிறது. அது எத்தனை நாளானாலும் அடியில் படிவதில்லை. இது கரைசல். ஒரு பிடி ஆற்று மணலைப் போட்டுக் கலக்கினால் சில நொடிகளில் அடியில் படிந்து விடுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதுதான் கலங்கல். வயலின் களிமண்ணைக் கரைத்தால் நீர் மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில் கலங்கியே நிற்கிறது. கரையாமலும் படியாமலும் நீரில் பரவி நிற்கும் மிக நுண்ணிய துகள்களைக் கூழ்மத் துகள்கள் என்கிறோம். கூழ்மம் என்னும் இப்பிரிவை 1861-ஆம் ஆண்டில் தாமஸ் கிரகாம் என்னும் வேதியியல் அறிஞர் வகுத்துக் காட்டினார்.

மண்ணியலில் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களே களி எனப்படுகின்றன. 0.002 முதல் 0.02 மில்லிமீட்டர் வரை உள்ளவை வண்டல். அதற்கு மேல் மணல். துகள் சிறுத்தால் அது கீழே இறங்கும் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. துகளின் விட்டம் 10-இல் ஒரு பங்காகக் குறைந்தால், இறங்கும் வேகம் 100-இல் ஒரு பங்காகக் குறைகிறது. மண் பரிசோதனைச் சாலைகளில் இக்கணக்கைக் கொண்டே களி, வண்டல், மணல் ஆகியவற்றின் விழுக்காட்டைக் காண்கிறார்கள். நீரின் வெப்பம் 20 டிகிரி சென்டிகிரேடாக இருக்கும்போது, 0.02 மில்லிமீட்டர் துகள் 10 சென்டிமீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ 5 நிமிடம் ஆகிறது. 0.002 மில்லிமீட்டர் துகளுக்கு அதே ஆழம் இறங்க 8 மணி நேரம் தேவைப்படுகிறது. நீர் வெப்பமாக இருந்தால் இக்காலம் சற்றுக் குறையும்.

ஓயாத அசைவு

கலங்கலில் உள்ள நுண்துகள் வெறுமனே மிதந்து கொண்டிருப்பதில்லை. நீரின் மூலக்கூறுகள் அதை எல்லாப் பக்கமிருந்தும் ஓயாமல் இடித்துத் தள்ளுகின்றன. அதனால் துகள் இங்குமங்கும் தாறுமாறாக அசைந்து கொண்டே இருக்கிறது. இராபர்ட் பிரௌன் என்னும் தாவரவியல் அறிஞர் 1827-இல் மகரந்தத் தூளில் உள்ள நுண்துகள்களை உருப்பெருக்கியின் வழியே பார்த்தபோது இவ்வசைவைக் கண்டார். உயிருள்ள பொருளின் இயல்போ இது என ஐயுற்று, கல்லையும் கண்ணாடியையும் பொடித்து நீரில் இட்டுப் பார்த்தார். அவையும் அவ்வாறே அசைந்தன. 1905-இல் ஐன்ஸ்டைன் இதற்குக் கணக்கு வகுத்தார். 1908 முதல் பெர்ரன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அக்கணக்கு சரியே என்று சோதனைகளால் மெய்ப்பித்தார். அவருக்கு 1926-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அசைவு இருக்கும் வரையில் கலங்கல் இளமையாக இருக்கிறது எனலாம். ஒவ்வொரு துகளும் தன் விருப்பம்போல் இடம் மாறுவதால் கலங்கல் எளிதாகப் பாய்கிறது. எல்லா இடத்திலும் ஒரே சீராகவும் இருக்கிறது.

மூப்பு எவ்வாறு வருகிறது?

கலக்குவதை நிறுத்திய நொடியிலிருந்து கலங்கலின் வயது தொடங்குகிறது. இது எப்படி என்பதைத் தேர்த் திருவிழாவோடு ஒப்பிட்டு விளங்கிக் கொள்ளலாம். கூட்டம் குறைவாக உள்ள காலை வேளையில் யாரும் எங்கும் நடந்து போகலாம். கூட்டம் நெருங்க நெருங்க, நின்ற இடத்தில் தோளை அசைக்கலாம், காலை மாற்றி வைக்கலாம். ஆனால் நான்கு அடி தள்ளிப் போக வேண்டுமானால் சுற்றிலும் உள்ளவர்கள் வழிவிட வேண்டும். அவர்கள் வழிவிட, அவர்களுக்கு அடுத்தவர்கள் நகர வேண்டும்.

செறிவான கலங்கலிலும் இவ்வாறே நடக்கிறது. ஒவ்வொரு துகளுக்கும் இரண்டு வகை அசைவுகள் உண்டு. ஒன்று, தன்னைச் சூழ்ந்துள்ள துகள்களுக்கு இடையே நின்ற இடத்திலேயே துடிக்கும் விரைவான அசைவு. மற்றொன்று, அச்சூழலை விட்டு வெளியேறி வேறிடம் போகும் மெதுவான அசைவு. நேரம் செல்லச் செல்ல விரைவான துடிப்பு அவ்வளவாக மாறுவதில்லை. மெதுவான அசைவுதான் மேலும் மேலும் மெதுவாகிறது. தொடக்கத்தில் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் இடம் மாறிய துகளுக்குப் பிறகு பல நொடிகளும், அதன் பிறகு பல நிமிடங்களும், முடிவில் மணிக்கணக்கும் தேவைப்படுகின்றன. சில கலங்கல்களில் இக்காலம் ஏறத்தாழ கலங்கலின் வயதுக்கு ஒப்பாகவே நீளுகிறது. அதாவது 1 மணி வயதில் இடம் மாற ஆன காலத்தைப்போல் 10 மணி வயதில் ஏறக்குறைய 10 மடங்கு ஆகிறது. வெளியே பார்ப்பவருக்கு எந்த மாறுதலும் தெரியாது. உள்ளே மட்டும் கட்டு இறுகிக்கொண்டே வருகிறது.

கண்ணுக்குத் தெரியாத இவ்வசைவை விஞ்ஞானிகள் லேசர் ஒளியைக் கலங்கலுக்குள் செலுத்திக் கணக்கிடுகிறார்கள். துகள்களில் பட்டுச் சிதறும் ஒளி மினுமினுக்கிறது. மினுமினுப்பு விரைவாக மாறினால் துகள்கள் விரைவாக இடம் மாறுகின்றன என்றும், மெதுவாக மாறினால் துகள்கள் அடைபட்டு நிற்கின்றன என்றும் பொருள். இச்சோதனைகளுக்கு லாப்போனைட் என்னும் செயற்கைக் களிமண் பெரிதும் பயன்படுகிறது. இதன் துகள் வட்டத் தகடு வடிவானது. ஒரு மில்லிமீட்டரை 10 இலட்சம் பங்கிட்டால் அதில் ஏறத்தாழ 25 பங்கு அகலமும் 1 பங்கு தடிப்பும் கொண்டது. 100 பங்கு கலவைக்கு 3 பங்கு போலக் கலந்தால் முதலில் தண்ணீர்போலப் பாய்கிறது. பிறகு, மேலும் எதையும் சேர்க்காமலேயே, தானாக இறுகி, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் கொட்டாத பாகு ஆகிவிடுகிறது. பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்திலும் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் இது பற்றிய ஆராய்ச்சிகள் நடந்துள்ளன.

நம் வயலின் களித்துகளும் தகடு வடிவானதே. தகட்டின் முகப்பில் எதிர்மின் தன்மையும், ஓரத்தில் பல நிலைகளில் நேர்மின் தன்மையும் உள்ளன. ஆகவே ஒரு தகட்டின் ஓரம் மற்றொன்றின் முகப்பை ஈர்க்கிறது. சீட்டுக் கட்டைக் கொண்டு குழந்தைகள் வீடு கட்டுவதைப்போலத் துகள்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஒரு கட்டு உண்டாகிறது. கரிசல் மண்ணில் மிகுந்துள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் களி வகை மிக மெல்லிய தகடுகளால் ஆனது; நீரை உறிஞ்சி உப்பவும் கூடியது. அதனால் கரிசல் சேற்றில் இக்குணத்தைச் செம்மண் சேற்றைவிடத் தெளிவாகக் காணலாம்.

மீளும் மூப்பும் மீளா மூப்பும்

உழவர்கள் முக்கியமாக அறிய வேண்டியது இதுவே. கலங்கலின் மூப்பு இரண்டு வகைப்படும்.

முதல் வகையில் துகள்கள் மாறுவதில்லை. அவை நிற்கும் ஒழுங்கு மட்டுமே மாறுகிறது. வலுவாகக் கலக்கினால் கட்டு உடைந்து துகள்கள் மீண்டும் தாராளமாக இடம் மாறத் தொடங்குகின்றன. கலங்கல் மறுபடியும் இளமை அடைகிறது. அதன் வயதைக் கடைசியாகக் கலக்கிய நேரத்திலிருந்து புதிதாக எண்ண வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவர் வாளியை அவ்வப்போது மட்டையால் கலக்கிக் கொள்வது இதனால்தான்.

இரண்டாவது வகையில் துகள்களே மாறிவிடுகின்றன. சிறியவை கரைந்து பெரியவற்றின்மேல் படிகின்றன. அல்லது ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய படிகங்களாக வளர்கின்றன. எவ்வளவு கலக்கினாலும் பழைய நுண்மை திரும்பாது. ஒரு கலங்கல் எந்த வகை மூப்பை அடைந்துள்ளது என்று தெரிந்தால், அதைக் கலக்கிப் பயன்படுத்துவதா, ஒதுக்கி விடுவதா என்று முடிவு செய்யலாம்.

தொளி அடித்த வயல்

தொளி என்றும் சேடை என்றும் சேற்றுழவு என்றும் வழங்கும் முறையில் நாம் செய்வது ஒரு வயல் அளவுக் கூழ்மக் கலங்கலை உண்டாக்குவதே. உழுது பரம்படித்து நிறுத்தியதும் மணல் உடனே படிகிறது. வண்டல் சில நிமிடம் முதல் சில மணி நேரத்தில் படிகிறது. களி கடைசியாகப் படிந்து, படிந்த பின்னும் உள்ளே கட்டு இறுகிக்கொண்டு வருகிறது.

சேறு மிக இளமையாக இருக்கும்போது நட்டால் நாற்று பிடிப்பின்றிச் சாயும் அல்லது மிதக்கும். அன்றியும் தேவைக்கு மேல் ஆழமாக இறங்கிவிடும். நெல் நாற்றை 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் மேலாக நடுவதே நல்லது. ஆழ நட்டால் தூர் கட்டுவது தாமதமாகிக் குறைகிறது. நடவு இயந்திரம் கொண்டு நடுவோருக்கு இத்தொல்லை இன்னும் மிகுதி. இளகிய சேற்றை இயந்திரம் அலைபோலத் தள்ளிச் சென்று, பக்கத்து வரிசையில் நட்ட நாற்றையும் மூடிவிடும். மாறாக, சேறு முதிர்ந்து போனால் விரலோ இயந்திரத்தின் நகமோ போட்ட குழி மூடிக்கொள்ளாது. குழிக்குள் நிற்கும் நாற்று வேர் பிடிக்காமல் நீர் கட்டியதும் மிதந்து விடும். இடைவெளி விழுந்த இடங்களை நிரப்ப மறுபடியும் கூலி கொடுக்க நேரும்.

எத்தனை நேரம் விட வேண்டும் என்பது மண்ணைப் பொறுத்தது. மணல் கலந்த நிலத்தில் சில மணி நேரமே போதும். இருமண் பாங்கான நிலத்தில் சுமார் 1 நாளும், களி மிகுந்த நிலத்தில் சுமார் 2 நாளும் இயந்திர நடவுக்குத் தேவைப்படலாம். எத்தனை சால் கூடுதலாக உழுது கலக்கினோமோ அந்த அளவு களி நன்றாகப் பிரிந்திருக்கும். படியவும் கூடுதல் நேரம் ஆகும். ஆகவே நாளை மட்டும் எண்ணாமல் சேற்றைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சோதனை எளிது. நீர் மெல்லியதாக நிற்கும் இடத்தில் ஒரு குச்சியாலோ விரலாலோ சேற்றில் 2 விரற்கடை ஆழத்திற்குக் கோடு கிழியுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் சேறு இன்னும் இளமை, காத்திருக்க வேண்டும். கோடு மெதுவாக, கண்ணுக்குத் தெரியும்படி மூடி வந்தால் நடவுக்கு ஏற்ற பருவம். கோடு அப்படியே திறந்து நின்றால் சேறு முதிர்ந்து விட்டது. வயலின் மேட்டிலும் பள்ளத்திலும் நான்கைந்து இடங்களில் இவ்வாறு பார்க்க வேண்டும்.

சேறு முதிர்ந்து விட்டால் நீர் விட்டு மீண்டும் ஒருமுறை பரம்படித்தால் இளகிவிடும். இது மீளும் மூப்பு. ஆனால் அன்று தொடங்கி வயது புதிதாக எண்ணப்படும் என்பதை மறந்து, பரம்படித்த கையோடு நடக்கூடாது. வயலை வெடிப்பு விழும் அளவுக்குக் காயவிட்டால் கதை வேறு. வெடிப்புகள் வழியே நீர் இறங்கும். நீர் கட்டினால் மட்டும் அவை முழுதும் மூடிக்கொள்வதில்லை. எனவே தொளி அடித்த பின் நடவு வரை வயலில் ஈரம் குன்றாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

மற்றொரு செய்தியும் உண்டு. தொளி அடித்த அன்றே கலங்கல் நீரை வடித்து விடுவது பெரும் இழப்பு. அந்நீரில் மிதப்பது வயலின் மிக நுண்ணிய களி. பயிர்ச் சத்துக்களைப் பிடித்து வைத்திருப்பதும் அதுவே. நீர் தெளிந்த பிறகு மேல் நீரை மட்டும் வடிப்பதே முறை. குறைந்தது ஓர் இரவாவது விட வேண்டும்.

நீரில் உள்ள உப்பின் பங்கு

சில வயல்களில் நீர் நாள்கணக்கில் தெளிவதே இல்லை. களர் நிலங்களில் இதைக் காணலாம். அங்கே சோடியம் மிகுந்திருப்பதால் களித்துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே நிற்கின்றன. ஜிப்சம் இட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றுகிறது. துகள்கள் திரண்டு கூட்டமாகப் படிகின்றன. மண் பரிசோதனை செய்து சிபாரிசு செய்யப்படும் அளவில் ஜிப்சம் இட்டு, நல்ல நீர் நிறுத்தி வடிக்க வேண்டும். கலங்கிய குடிநீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றான்கொட்டையை உரைத்தார்கள் நம் முன்னோர். அதுவும் துகள்களைத் திரளச் செய்யும் வழியே. மருந்து கலக்கும் நீரில் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்திருந்தால் இதே திரட்சி தெளிப்பானுக்குள் நடந்துவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மருந்துப் புட்டியினுள்

இக்காலத்தில் பல பூச்சிக்கொல்லி, பூசணக்கொல்லி மருந்துகள் கெட்டியான பால்போன்ற கலங்கலாக விற்கப்படுகின்றன. புட்டியின் சீட்டில் எஸ்.சி. என்னும் எழுத்துகள் இருக்கும். நீரில் கரையாத மருந்தை மிக நுண்ணியதாக அரைத்து, அது படியாமல் இருக்கக் களி, பசை போன்றவற்றைச் சேர்த்து மெல்லிய கட்டு ஒன்றை உண்டாக்கியிருப்பார்கள். புட்டி அசையாமல் இருக்கும்போது அக்கட்டு மருந்துத் துகள்களைத் தாங்குகிறது. குலுக்கினால் கட்டு இளகி எளிதாக ஊற்ற முடிகிறது.

இந்தக் கட்டுக்கும் மூப்பு உண்டு. இத்தகைய கட்டுகளில் விந்தையான ஒரு குணத்தை ஆராய்ச்சியாளர்கள் கண்டுள்ளனர். நெடுநாள் எந்த மாற்றமும் இல்லாததுபோல் நின்று, பின்னர் திடீரெனச் சரிந்து, மேலே தெளிவும் கீழே வண்டலுமாகப் பிரிந்து விடுவதுண்டு. ஆகவே சென்ற பருவத்தில் நன்றாக இருந்த புட்டி இப்பருவத்திலும் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது. வெப்பம் இம்மூப்பை விரைவுபடுத்தும். தகரக் கொட்டகையிலும் வெயில் படும் சன்னல் ஓரத்திலும் மருந்தை வைக்கலாகாது.

பிரிந்து போன புட்டியைக் குலுக்காமல் ஊற்றினால் என்ன ஆகும்? முதலில் ஊற்றப்படும் தெளிவில் மருந்து குறைவு. அது தெளிக்கப்பட்ட பகுதியில் பூச்சி சாகாது. கடைசியில் வரும் வண்டலில் மருந்து மிகுதி. அது தெளிக்கப்பட்ட பகுதியில் இலை கருகலாம். விளைபொருளில் நஞ்சும் எஞ்சலாம். அளவு சரியாகத்தான் ஊற்றினோம், மருந்துதான் போலி என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் புட்டியின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் இரண்டு வேறு மருந்துகளாகி விட்டன.

எனவே ஒவ்வொரு முறையும் மூடியை இறுக்கிப் புட்டியைத் தலைகீழாகப் பலமுறை கவிழ்த்துக் குலுக்க வேண்டும். அடியில் ஒட்டிய வண்டல் முழுதும் கலைந்ததா என்று பார்க்க வேண்டும். ஐயம் இருப்பின், குடிக்கப் பயன்படாத ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் எடுத்து, அதில் சில சொட்டு மருந்தை விடலாம். புகைபோலப் பரவி நீர் பால் நிறமானால் மூப்பு மீளக்கூடியதே. குருணையாக உடனே அடியில் விழுந்தால் துகள்கள் ஒட்டி வளர்ந்து விட்டன என்று பொருள். அடி வண்டல் கல்போல் இறுகி, குலுக்கியும் கலையாவிட்டால் அம்மருந்தைப் பயன்படுத்த வேண்டாம். காலாவதித் தேதி கடந்த மருந்தும் அவ்வாறே. வாங்கும்போதே தயாரித்த தேதியைப் பார்த்து, ஒரு பருவத்திற்குத் தேவையான அளவு மட்டும் வாங்குவதே சிக்கனம்.

தெளிப்பான் தொட்டியினுள்

நனையும் தூள் வகை மருந்துகளை நேராகத் தொட்டி நீரில் கொட்டக்கூடாது. முதலில் சிறிது நீர் விட்டுக் குச்சியால் குழைத்துக் கட்டியில்லாத பசையாக்கி, பிறகு நீர் சேர்த்து வடிகட்டி ஊற்ற வேண்டும். இதன் காரணத்தை முன்சொன்ன கணக்கே காட்டுகிறது. களித்துகளுக்கு ஒத்த அடர்த்தியுள்ள ஒரு துகள் 0.005 மில்லிமீட்டர் அளவில் தனித்து நின்றால் 10 சென்டிமீட்டர் இறங்க 1 மணிக்கும் மேல் ஆகும். அத்தகைய துகள்கள் ஒட்டி 0.02 மில்லிமீட்டர் கட்டியானால் 5 நிமிடத்தில் இறங்கிவிடும். குழைக்கும்போது செலவிடும் 2 நிமிடம், தெளிக்கும்போது மருந்து சீராக இருப்பதற்குச் செய்யும் முதலீடு ஆகும்.

தெளிப்பதை இடையில் நிறுத்திச் சாப்பிடவோ இளைப்பாறவோ சென்றால், திரும்பி வந்ததும் தொட்டியை நன்றாகக் கலக்கிய பிறகே தொடங்க வேண்டும். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கலக்க விரும்பினால், சிபாரிசு உள்ளதா என்று முதலில் கேட்டறிய வேண்டும். பின்னர் அதே கிணற்று நீரில் சிறிய அளவில் ஒரு குவளையில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். திரிந்தாலோ கட்டியானாலோ சேர்க்கக் கூடாது. கலவையை மறுநாளைக்கு என்று தொட்டியில் விட்டு வைக்கலாகாது. கலக்குவதற்குக் கையைப் பயன்படுத்தாமல் குச்சியையே பயன்படுத்த வேண்டும். கையுறையும் முகமூடியும் அணிய வேண்டும்.

போர்டோக் கலவை: மீளா மூப்புக்குச் சான்று

பிரான்சு நாட்டின் போர்டோ பகுதியில் வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைப்பது வழக்கம். அக்கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் தாக்காமல் இலைகள் தழைத்திருந்ததை 1882-இல் மில்லார்டே என்னும் பேராசிரியர் கவனித்தார். அதை ஆராய்ந்து 1885-இல் அவர் வெளியிட்ட முறையே போர்டோக் கலவை. இன்றும் வெற்றிலை, பாக்கு, காப்பி முதலிய பயிர்களில் இது பயன்படுகிறது.

1 விழுக்காடு கலவை செய்ய, 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். 1 கிலோ நல்ல சுட்ட சுண்ணாம்பைச் சிறிது நீர் தெளித்து நீற்றி, ஆறவிட்டு, 50 லிட்டராக்கி வடிகட்ட வேண்டும். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டே விடாமல் கலக்க வேண்டும். மண், மரம், பிளாஸ்டிக் பாத்திரங்களையே பயன்படுத்த வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. பளபளப்பான இரும்புக் கத்தியைக் கலவையில் ஓரிரு நிமிடம் நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் மேலும் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். இல்லாவிடில் இலை கருகும்.

புதிதாகச் செய்த கலவை வான நீல நிறத்தில் வழவழப்பாக இருக்கும். அதிலுள்ள செம்புத் துகள்கள் மிக நுண்ணிய கூழ்மமாக இருப்பதால் இலையில் மெல்லிய ஏடாகப் படிந்து, உலர்ந்ததும் மழைக்கு எளிதில் கழுவப்படாமல் ஒட்டிக் கொள்கின்றன. கலவையை வைத்திருந்தால் அத்துகள்கள் படிகங்களாக வளர்ந்து பருக்கின்றன. பருத்த படிகம் விரைவில் அடியில் படியும். இலையில் சரியாக ஒட்டாது. கலக்கினால் கலவை மீண்டும் நீலமாகத் தெரியும். ஆனால் படிகம் பழைய நுண்துகளாக ஆகாது. நோயைத் தடுக்கும் திறனை நிறத்தைப் பார்த்து எடை போட முடியாது. ஆகவே கலவையைச் செய்த அன்றே தெளித்து முடிக்க வேண்டும்.

இதை ஐயுறுவோர் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். முதல் நாள் கலவையில் ஒரு குவளையும் அன்று செய்த கலவையில் ஒரு குவளையும் எடுத்து, இரண்டையும் ஒரே அளவாகக் கலக்கி அருகருகே வைத்துப் பாருங்கள். பழையது முந்திப் படியும். வேலை எளிதாக வேண்டுமானால் மயில்துத்தக் கரைசலைத் தனியாகச் செய்து மூடி வைத்துக் கொள்ளலாம். அது உண்மைக் கரைசலாகையால் மூப்படைவதில்லை. சுண்ணாம்பை மட்டும் அன்றன்று நீற்றி, தேவையான அளவைத் தெளிக்கும்போது கலந்து கொள்ளலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. கலங்கலின் வயதைக் கடைசியாகக் கலக்கிய நேரத்திலிருந்து எண்ணுங்கள்.

2. நடவுக்கு முன் சேற்றில் கோடு கிழித்துப் பாருங்கள். கோடு மெதுவாக மூடும் பருவமே நடவுக்கு ஏற்றது.

3. தொளி அடித்த அன்றே கலங்கல் நீரை வடிக்காதீர்கள்; உங்கள் வயலின் சத்து அதனோடு போகும்.

4. மருந்துப் புட்டியை ஒவ்வொரு முறையும் கவிழ்த்துக் குலுக்கிய பிறகே அளந்து ஊற்றுங்கள். குலுக்கியும் கலையாத மருந்தை ஒதுக்கி விடுங்கள்.

5. நனையும் தூளை முதலில் பசையாகக் குழையுங்கள். இடையில் நிறுத்தினால் மீண்டும் கலக்கித் தொடங்குங்கள்.

6. போர்டோக் கலவையை அன்று செய்து அன்றே தெளியுங்கள்.

7. மீந்த கலவையையும் கழுவிய நீரையும் குளம், வாய்க்கால், கிணற்றின் அருகே கொட்டாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத துகளின் அசைவு நம் கைக்கு எட்டாததுதான். ஆனால் அதன் வேகம் குறைந்து வருவதை ஒரு குச்சியும் ஒரு கண்ணாடிக் குவளையும் நமக்குக் காட்டிவிடும். அவற்றைப் பயன்படுத்த ஆகும் செலவு சில நிமிட நேரம் மட்டுமே. அந்நேரத்தைச் செலவிட்டுச் சோதித்துச் செயல்படுவோர் மருந்தின் முழுப் பயனையும் நடவின் முழுப் பயனையும் பெறுவர்.